புதன் ராத்திரி 11:59 வரைக்கும் ஆன்சர் கிடையாது

புதன்கிழமை ராத்திரி 9 மணிக்கு மேல நம்ம டெலிகிராம் குரூப்பைத் திறந்து பாருங்க. "ப்ரோ, வீக் 4 ஆன்சர்?", "யாராவது ஸ்கிரீன்ஷாட் போடுங்கப்பா", "அக்கா ப்ளீஸ், 3-வது மட்டும்". 10 மணிக்குக் கெஞ்சல், 11 மணிக்குக் கோபம், 11:45-க்கு அட்மின் பரம்பரைக்கே அர்ச்சனை. 11:59-க்கு டெட்லைன் முடிஞ்சதும் குரூப் அப்படியே படுத்துடும். வியாழக்கிழமை காலையில அதே கேள்விக்கு ஒருத்தர் உட்கார்ந்து விளக்கம் போட்டா, அதைப் பார்க்கிறவங்க எண்ணிக்கை பரிதாபமா இருக்கும்.

ஃபர்ஸ்ட் இயர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. என்.பி.டி.இ.எல். நடத்துற சி, ஜாவா, பைத்தான் சர்டிஃபிகேஷன் கோர்ஸ்களை எழுதுறவங்களுக்காக நம்ம காலேஜ் மாணவர்களே நடத்துற குரூப் இது. காலேஜுக்கும் இதுக்கும் அதிகாரப்பூர்வமா எந்தச் சம்பந்தமும் கிடையாது. போன செமஸ்டர்ல இருந்து இங்க ஒரு ரூல் இருக்கு. டெட்லைனுக்கு முன்னாடி யாரும் ஆன்சரோ முழு கோடோ போடக் கூடாது. போட்டா டெலீட், மறுபடி போட்டா ஒரு வாரம் மியூட். ரூல் வந்த ஒரே வாரத்துல நிறைய பேர் "பை"னு கூட சொல்லாம லெஃப்ட் ஆயிட்டாங்க. இப்போ இதை எடுத்துடலாமான்னு குரூப்ல போல் போடப் போறாங்க. எடுக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. நானும் அந்த அட்மின்கள்ல ஒருத்தன்தான், அதனால நடுநிலைவாதி வேஷமெல்லாம் போடப் போறதில்ல.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். ஏன்னா ஆன்சர் கேட்கிற பாதிப் பேருக்கு இந்தக் கணக்கே தெரியாது. பெரும்பாலான கோர்ஸ்கள்ல அசைன்மென்ட்டுக்கு 25, நேர்ல போய் எழுதுற பரீட்சைக்கு 75. 12 வார கோர்ஸ்னா 12 அசைன்மென்ட்ல நல்லா பண்ண 8-ஐ மட்டும்தான் எடுத்துப்பாங்க. அதாவது நாலு வாரம் நீங்க சொதப்பினாலும், காய்ச்சல்ல படுத்தாலும், சிம்போசியத்துக்கு ஊர் சுத்தினாலும் மார்க் குறையாது. சர்டிஃபிகேட் வேணும்னா அசைன்மென்ட்ல 25-க்கு 10, பரீட்சையில 75-க்கு 30, ரெண்டையும் தனித்தனியா தாண்டணும்.

சொந்தமா போட்டு, அந்த 8 வாரத்துல சராசரியா 70 சதவீதம் எடுக்கிற ஒரு ஆளுக்கு 17.5 கிடைக்கும். காப்பி அடிச்சு முழுசா வாங்கினா 25. வித்தியாசம் 7.5. அந்த 7.5-ஐப் பரீட்சையில சம்பாதிக்கணும்னா 100-க்கு 10 மார்க் கூடுதலா எடுத்தா போதும். ஒரு செமஸ்டர் முழுக்க புதன்கிழமைதோறும் கெஞ்சி வாங்குறது இந்த 10 மார்க்கைத்தான். மறுபக்கம், 25-க்கு 25 வச்சுக்கிட்டு ஹாலுக்குப் போய் 75-க்கு 28 வாங்கினா? மொத்தம் 53. ஆனா சர்டிஃபிகேட் இல்ல. பரீட்சை ஃபீஸ் 1000 ரூபாய் போயே போச்சு. மெஸ் பில் கட்டுறதுக்கே வீட்டுக்கு ரெண்டு தடவை போன் பண்ற பசங்க நம்மகிட்ட நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கு 1000 ரூபாய்ங்கிறது சும்மா ஒரு நம்பர் இல்ல.

பரீட்சை ஹால்ல போன் இருக்காது, குரூப் இருக்காது, "அக்கா ப்ளீஸ்" இருக்காது. அங்க ஒரு சின்ன கோடைக் காட்டி அவுட்புட் என்னன்னு கேட்பாங்க. அசைன்மென்ட்ல வந்த அதே கேள்வி வராது, அதோட பங்காளி வரும்.

ஒரு உதாரணம் சொல்றேன். இது குரூப்ல திரும்பத் திரும்ப வர்ற கேஸ். கொடுத்த எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு கண்டுபிடிக்கணும், சி மொழியில. பொண்ணோ பையனோ, எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவாங்க: எண்ணை 2-ஆல வகுத்து மீதி 1 வந்தா ஒற்றை, இல்லன்னா இரட்டை. வெளியில காட்டுற டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ். பிரைவேட் டெஸ்ட் கேஸ்ல ஒண்ணு அவுட். உடனே குரூப்ல "கோட் கரெக்ட்தான், சர்வர் பிராப்ளம்"னு ஒரு மெசேஜ் வரும். இந்த சர்வர் பாவம், நம்ம பசங்க பண்ற எல்லா தப்புக்கும் அதுதான் பழி சுமக்குது.

விஷயம் என்னன்னா, சி-யில -7-ஐ 2-ஆல வகுத்தா ஈவு -3, மீதி -1. மீதி 1 இல்ல. அதனால உங்க கோட் -7-ஐ இரட்டைப்படைன்னு சொல்லிடும். அதே -7-ஐ பைத்தான்ல // போட்டு வகுத்தா ஈவு -4, மீதி 1. அங்க இந்த கோட் ஒழுங்கா ஓடும். ரெண்டுமே தப்பில்ல. சி ஈவை பூஜ்யத்தை நோக்கி வெட்டுது, பைத்தான் கீழ்ப்பக்கமா இறக்குது. ஈவை 2-ஆல பெருக்கி மீதியைக் கூட்டிப் பாருங்க, ரெண்டு மொழியிலயும் -7-தான் வரும். ஜாவா இந்த விஷயத்துல சி கட்சி. "மீதி 1-ஆ"ன்னு கேட்கிறதுக்குப் பதிலா "மீதி பூஜ்யம் இல்லையா"ன்னு கேட்டா எல்லா இடத்துலயும் வேலை முடிஞ்சுது.

இப்போ இந்தக் கேள்வியோட ஆன்சரை செவ்வாய்க்கிழமையே குரூப்ல போட்டிருந்தா என்ன ஆகும்? எல்லாருக்கும் 'பாஸ்'னு பச்சை கலர் வரும், ஒருத்தருக்கும் மைனஸ் எண் ஞாபகத்துக்கே வராது. அதுக்குப் பதிலா குரூப்ல ஒருத்தர் போட்ட பதில் ஒரே ஒரு வரி: "தம்பி, நெகட்டிவ் நம்பர் கொடுத்துப் பார்த்தியா?" அவ்வளவுதான். அந்தப் பையன் கொடுத்துப் பார்த்தான், அவனே கண்டுபிடிச்சான், வியாழக்கிழமை அவனே எல்லாருக்கும் விளக்கம் எழுதினான். இப்போ பைத்தான்ல எப்படின்னு இன்னொருத்தர் கேட்க, அங்க இருந்து ஜாவாவுக்குப் போய், ராத்திரி 1 மணி வரைக்கும் ஓடுச்சு அந்தப் பேச்சு. ஒரு செமஸ்டர்ல இப்படி பத்துப் பேச்சு ஓடினா போதும், அந்த குரூப் இருந்ததுக்கு அர்த்தம் இருக்கு.

டெட்லைன் வரைக்கும் வாயை மூடுறது நம்ம கண்டுபிடிப்பும் இல்ல. 2001-ல இருந்து ஓடிக்கிட்டிருக்கிற புராஜெக்ட் ஆய்லர்ல ஒவ்வொரு கணக்குக்கும் விவாதப் பக்கம் இருக்கு. ஆனா சரியான விடையைக் கொடுத்த பிறகுதான் அந்தக் கதவே திறக்கும். கோட்ஃபோர்சஸ்ல கான்டெஸ்ட் நடக்கும்போது விடையைப் பகிர்ந்தா அக்கவுண்டுக்கே ஆபத்து. கான்டெஸ்ட் முடிஞ்ச பிறகு எல்லாருடைய கோடையும் எல்லாரும் திறந்து பார்க்கலாம், தீர்வு விளக்கத்தையும் போட்டுடுவாங்க. முன்னாடி பூட்டு, பின்னாடி முழுத் திறப்பு. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வர்ற இடங்கள்லயே இது நடக்குதுன்னா, ஒரு காலேஜ் குரூப்ல நடத்த முடியாதா?

எதிர்க்கட்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. "உதவி பண்ணாத குரூப் எதுக்கு?"ங்கிற கேள்வியை நான் பெருசா எடுத்துக்கல, அதைக் கேட்கிறவங்கள்ல பல பேர் வியாழக்கிழமை எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல. ஆனா ஒரு தம்பி தனியா அனுப்பின மெசேஜ் யோசிக்க வச்சுது. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். லெக்சர் வீடியோவுல ஆங்கிலம் வேகமா ஓடுது, ஒரு வீடியோவை மூணு தடவை பார்க்கிறதுக்குள்ள லேப் ரெக்கார்ட், இன்டர்னல்ஸ் எல்லாம் வந்து நிக்குது, அப்புறம் எப்படிண்ணா சொந்தமா போடுறதுன்னு கேட்டான். டிப்ளமோ முடிச்சு நேரா செகண்ட் இயர்ல வர்ற லேட்டரல் பசங்களும் இதையேதான் சொல்றாங்க.

இவங்களுக்கு ஆன்சர் கொடுத்தா பிரச்சினை தீருமா? பரீட்சையும் அதே ஆங்கிலத்துலதானே வரும்! இவங்களுக்குத் தேவை, அந்த வாரப் பாடத்தைத் தமிழ்ல யாராவது சொல்லித் தர்றது. அதுக்கு ரூலே தடை இல்ல. நம்ம குரூப்ல இதுவரைக்கும் வந்ததுலயே உருப்படியான விஷயம் எதுன்னு கேட்டா, ஒரு ஈ.சி.ஈ. அக்கா போட்ட வாய்ஸ் நோட்டுகளைத்தான் சொல்வேன். பாயின்டரை வீட்டு அட்ரஸ் வச்சு விளக்கினது எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம்தான். ஆனா பாயின்டருக்கு பாயின்டர்னா, அந்த அட்ரஸை எழுதி வச்ச சீட்டு எந்த டிராயர்ல இருக்குன்னு எழுதி வச்ச இன்னொரு சீட்டுன்னு சொன்னாங்க பாருங்க, அங்க பல பேருக்கு பல்ப் எரிஞ்சுது. அந்த மாதிரி நோட்டு வாரத்துக்கு ஒண்ணு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வந்துட்டா, புதன்கிழமைக் கெஞ்சல் தானா குறையும். ரூலை எடுக்கணும்னு வாதாடுறதுக்கு செலவாகிற நேரத்துல ரெண்டு நோட்டு ரெக்கார்ட் பண்ணிடலாம்.

அடுத்து, ஏன் ஆன்சர் ஷேரிங் குரூப்பைக் கெடுக்குதுங்கிறதுக்கு யாரும் பேசாத ஒரு காரணம் இருக்கு. கேள்விக்குப் பதில் சொல்றவங்க எந்த குரூப்லயும் கொஞ்சம் பேர்தான். நம்மகிட்ட உண்மையில நாலு பேர். குரூப் ஆன்சர் கடையா மாறினா, இந்த நாலு பேரும் கடைப் பையன்கள் ஆயிடுறாங்க. தனி மெசேஜ்ல வந்து உரிமையோட கேட்பாங்க, கொடுக்கலன்னா "சீன் போடுறான்"னு பட்டம். மார்க் போச்சுன்னா "உன் ஆன்சர் தப்பு"னு சண்டைக்கும் வருவாங்க. ரெண்டு செமஸ்டர்ல அவங்க நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அந்த குரூப்ல மிச்சம் இருக்கிறது கேட்கிறவங்க மட்டும்தான்.

பொண்ணுங்க விஷயமும் இதோட சேர்ந்ததுதான். ஆரம்பத்துல இது வாட்ஸ்அப் குரூப்பா இருந்துச்சு. அங்க குரூப்ல இருக்கிற எல்லாருக்கும் எல்லாருடைய நம்பரும் தெரியும். ஒரு பொண்ணு 'வொயில் லூப்'ல ஒரு சந்தேகம் கேட்டா, பதில் குரூப்ல வர்றதுக்கு முன்னாடி தனியா மூணு "ஹாய்" வரும். என்ன நடக்கும்? கேட்கிறதை நிறுத்திடுவாங்க. அமைதியா இருந்து ஆன்சரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போவாங்க. "பொண்ணுங்க எல்லாம் காப்பிதான்"னு கமென்ட் அடிச்ச மேதாவிகளுக்கு இது தெரியாது. டெலிகிராமுக்கு மாறினதுக்கே முதல் காரணம் இதுதான், நம்பரை மறைச்சு வச்சுக்கலாம். அதோட, தேவையில்லாம தனி மெசேஜ் அனுப்பினதா புகார் வந்தா எச்சரிக்கை எல்லாம் கிடையாது, நேரா வெளியே. ஆன்சர் ரூலை வேணும்னா விவாதிக்கலாம். இந்த ரூலை எந்தப் போல்லயும் வைக்க விட மாட்டேன்.

கேள்வி கேட்கிற முறையைப் பத்தியும் சொல்லியாகணும். "ஒர்க் ஆகல"ங்கிறது கேள்வி இல்லைங்க, புலம்பல். எந்த வாரம், எத்தனாவது கேள்வி, என்ன இன்புட் கொடுத்தீங்க, என்ன வரணும், என்ன வந்துச்சு. இந்த அஞ்சும் இருந்தா பாதி நேரம் எழுதும்போதே உங்களுக்கு விடை தெரிஞ்சுடும். போனால லேப்டாப் ஸ்கிரீனைச் சாய்வா போட்டோ எடுத்து, அதுலயும் ஹாஸ்டல் டியூப்லைட் வெளிச்சம் எரர் மெசேஜ் மேலயே விழுற மாதிரி அனுப்புறவங்களை என்ன செய்யுறதுன்னு எனக்கு இன்னும் புரியல. 'பிரசன்டேஷன் எரர்'னு வந்தா பயந்து முழு கோடையும் மாத்தாதீங்க, கடைசியில ஒரு ஸ்பேஸோ புது வரியோ கூடுதலா இருக்கும், அவ்வளவுதான்.

"இப்பல்லாம் ஏஐ-கிட்ட கேட்டா ஆன்சர் வந்துடுது, நீங்க ரூல் போட்டு என்ன தடுக்கப் போறீங்க"ன்னு கேட்கிறாங்க. கரெக்ட், தடுக்க முடியாது. யூடியூப்ல வாரவாரம் ஆன்சர் வீடியோவும் வருது. ஆனா இது என் பக்க வாதம் பாஸ்! ஆன்சர் எல்லா இடத்துலயும் ஓசியில கிடைக்குதுன்னா, அதையே கொடுக்கிறதுக்கு இன்னொரு குரூப் எதுக்கு? சாட்ஜிபிடி உங்க கோடைத் திருத்திக் கொடுத்துடும். ஆனா "இந்த இடத்துல நானும் மாட்டினேன், இப்படித்தான் புரிஞ்சுது"ன்னு சொல்ற சீனியர் அதுக்குள்ள இல்ல.

காலேஜ் பக்கமும் ஒரு கோரிக்கை இருக்கு. எந்த டிபார்ட்மென்ட்னு சொல்லல. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அசைன்மென்ட் ஸ்கோர் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்லி, 100 இல்லாதவங்களை கிளாஸ்ல நிக்க வைக்கிற பழக்கம் சில இடத்துல ஓடிக்கிட்டிருக்கு. எத்தனை பேர் ரெஜிஸ்டர் பண்ணாங்க, எத்தனை பேர் பாஸ்ங்கிற எண்ணிக்கை காலேஜுக்கு முக்கியம்தான், புரியுது. ஆனா 12 வாரத்துல 8-ஐ மட்டும் எடுத்துக்கிறோம்னு கோர்ஸ் நடத்துறவங்களே விட்டுக் கொடுக்கிற இடத்துல, நீங்க 12-க்கு 12 கேட்டா பையன் எங்கே போவான்? நேரா குரூப்புக்குத்தான் வருவான், புதன்கிழமை ராத்திரி 11:40-க்கு. மேடம், சார், ஸ்கோருக்குப் பதிலா "இந்த வாரம் எந்தக் கேள்வியில மாட்டின?"னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

'பெய்டு ஆன்சர், 12 வாரமும் சேர்த்து, ஜிபே பண்ணுங்க'ன்னு வர்ற அக்கவுண்டுகளைப் பத்தி நீட்டி முழக்க விரும்பல. பார்த்ததும் ரிப்போர்ட் பண்ணுங்க. பணம் கொடுத்து ஏமாந்தவங்க எங்ககிட்ட வந்து அழுதா, எங்களால அந்தப் பணத்தை வாங்கித் தர முடியாது.

போல் வர்ற சனிக்கிழமை காலையில திறக்குது, ஞாயிறு ராத்திரி மூடிடும். ரூல் இருக்கணுமா வேண்டாமான்னு மட்டும் கேட்டா பத்தாதுன்னு அட்மின்களுக்குள்ள பேசி இன்னொரு கேள்வியும் சேர்த்திருக்கோம்: "வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம் கேள்விகளைப் பார்த்துக்க நீங்க வருவீங்களா?" பதில் சொல்ற நாலு பேர்ல மூணு பேர் ஃபைனல் இயர், பிளேஸ்மென்ட் ஆரம்பிச்சா ஆளைப் பிடிக்க முடியாது. செகண்ட் இயர்ல பைத்தான் கோர்ஸ் முடிச்சவங்க யாராவது இருந்தா தயங்காம பேரைக் கொடுங்க. கோல்டு எல்லாம் வேண்டாம். 75-க்கு 31 எடுத்து தப்பிச்சவங்களா இருந்தா இன்னும் நல்லது, எங்கே எல்லாம் மாட்டுவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்.